ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

"அவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, சுயதொழில் செய்பவர்கள், எங்கள் பார்ட்னர்கள்." டாக்ஸி, டெலிவரி ஆப் நிறுவனங்கள் தங்களுக்காக வண்டி ஓட்டுபவர்களைப் பற்றி உலகம் முழுக்க இதைத்தான் சொல்கின்றன. எனக்குக் கோபம் வருகிறது. சுயதொழில் செய்பவர் தன் கூலியைத் தானே பேசுவார். இங்கே கட்டணத்தை ஆப் தீர்மானிக்கிறது, ரேட்டிங் குறைந்தால் ஐடியை முடக்குகிறது. வண்டிக் கடனும் பெட்ரோல் செலவும் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவும் மட்டும் ஓட்டுபவர் தலையில்.

இது ஆப் வந்த பிறகு பிறந்த தந்திரம் இல்லை. சௌராஷ்டிரத்தில் திராங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் உப்பளத்தில் வேலை செய்த அகாரியாக்களைப் பற்றியும் இதே வாதம் வந்தது. அவர்களுக்கு நேரக் கணக்கு கிடையாது, விளைந்த உப்பின் எடைக்குத்தான் கூலி, உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். ஆகவே சுயேச்சை ஒப்பந்ததாரர்கள் என்றது கம்பெனி. ஆனால் பாத்தி கம்பெனியுடையது, ஒவ்வொரு கட்டத்திலும் வந்து மேற்பார்வை பார்த்ததும் கம்பெனிதான். அவர்கள் தொழிலாளர்களே என்று 1956இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978இல், கான்ட்ராக்டர்கள் மூலம் வேலைக்கு வைக்கப்பட்ட ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய ஹுசைன்பாய் வழக்கில், அதே நீதிமன்றத்தின் நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் நேராகக் கேட்டார்: இடையில் எத்தனை கான்ட்ராக்டர் இருந்தாலும், இந்தத் தொழிலாளர்களின் பிழைப்பு யார் கையில் இருக்கிறது?

2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அந்தப் பக்கமே வந்தது. தொழிலாளர் சட்டம் யாரைக் காக்க வந்ததோ, அவரை நிறுவனம் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை வைத்தே வெளியே தள்ள முடியாது. சவாரி ஏற்றிய நேரம் மட்டுமல்ல, ஆப்பைத் திறந்துவைத்துச் சவாரிக்குத் தயாராகக் காத்திருந்த நேரமும் வேலை நேரம்தான் என்றது நீதிமன்றம்.

சரி, தீர்ப்புகள் நன்றாகத்தானே இருக்கின்றன, அப்புறம் என்ன? அந்த ஊபர் ஓட்டுநர்கள் முதலில் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் வென்றது 2016இல். அதன் பிறகும் மேல்முறையீடுகளிலேயே நான்கு வருடத்துக்கு மேல் போனது. தினக்கூலியை நம்பி இருப்பவர் எத்தனை பேரால் அவ்வளவு காலம் நிற்க முடியும்? நிரூபிக்கும் பொறுப்பே தொழிலாளியிடமிருந்து நிறுவனத்துக்கு மாற வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். 2018இல் டைனமெக்ஸ் என்ற டெலிவரி நிறுவனத்தின் வழக்கில் கலிபோர்னியா நீதிமன்றம் அதைச் செய்தது. உழைப்பவரை ஊழியராகவே எடுத்துக்கொள். இல்லை என்றால், அவர் உன் கட்டுப்பாட்டில் இல்லை, அவர் செய்வது உன் வழக்கமான தொழில் இல்லை, அவருக்கென்று தனித் தொழில் இருக்கிறது, இந்த மூன்றையும் நீ நிரூபி. பல வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிஜமான ஃப்ரீலான்ஸ் கணக்காளருக்கு இதில் பெரும்பாலும் சிக்கல் வராது. சிக்கல் யாருக்கு என்பது 2020இல் தெரிந்தது: இந்த விதியிலிருந்து தங்களுக்கு விலக்குக் கேட்டு கலிபோர்னியாவில் வாக்கெடுப்பு நடத்த ஆப் நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டின, ஜெயித்தும்விட்டன.

இந்தியாவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 இப்படி ஆப் வழியாக வேலை செய்பவர்கள் போன்ற கிக் தொழிலாளர்களுக்கு நலநிதி தருகிறது. ஆனால் அவர்களை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்தே வரையறுக்கிறது. நலநிதி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். குறைந்தபட்ச ஊதியத்துக்கு அது ஈடாகாது.

"ஊழியர் ஆக்கினால் நினைத்த நேரத்தில் வேலை செய்யும் சுதந்திரம் போய்விடும்" என்று பயமுறுத்துகிறார்கள். ஊழியர் என்றால் ஒன்பது மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் பிரிட்டனின் ஊபர் ஓட்டுநர்கள் தங்களுக்குத் தோதான நேரத்தில்தான் ஆப்பைத் திறந்தார்கள், விடுப்புக்கான சம்பளமும் வாங்கினார்கள்.