குரோமோசோம் இரட்டித்தால் மரபணுத் தொகுதி என்றைக்கும் இரண்டு மடங்காகவே இருக்குமா?

“குரோமோசோம் இரட்டித்த செடியில் டிஎன்ஏ நிரந்தரமாக இரண்டு மடங்கு, பெரிய மரபணுத் தொகுதி (மொத்த டிஎன்ஏ) இருந்தால் பல முறை இரட்டித்தது என்று அர்த்தம்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் சில தலைமுறைகளுக்குச் சரி. அதன் பிறகு நடப்பது வேறு.

ஆய்வகங்களில் அதிகம் ஆராயப்படும் கடுகுக் குடும்பச் சிறுசெடி அரபிடோப்சிஸ். அதன் மூதாதையர்களில் முழு இரட்டிப்பு பல முறை நடந்திருக்கிறது. ஆனாலும் இன்று அதன் மரபணுத் தொகுதி சுமார் 13.5 கோடி கார இணைகள்தான் (டிஎன்ஏவின் நீளத்தை அளக்கும் அலகு). பூச்சி பிடிக்கும் நீர்ச்செடி யூட்ரிகுலேரியா கிப்பாவும் பல இரட்டிப்புகளைக் கடந்து வந்ததுதான். அதில் இருப்பது வெறும் 10 கோடி.

எப்படிக் குறைகிறது? தன்னை நகலெடுத்து டிஎன்ஏவில் வேறு இடங்களில் செருகிக்கொள்ளும் தாவும் கூறுகளுக்கு ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் என்று பெயர். அவற்றில் எல்டிஆர் (LTR) என்ற வகையின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான நீண்ட வரிசை இருக்கும். அந்த இரண்டும் ஒன்றோடொன்று மறுசேர்க்கை அடைந்தால் (வெட்டுப்பட்டு இணைந்தால்) நடுப்பகுதி மொத்தமும் கழன்றுபோய், ஒற்றை முனை மட்டும் மிஞ்சும். இப்படித் தனியாக நிற்கும் முனைகளை நெல்லில் ஏராளமாகப் பார்க்கலாம், அழிந்ததற்கான நேரடித் தடயம் அது. இதோடு சின்னச் சின்ன நீக்கங்களும் சேர்கின்றன. இரட்டையாக இருந்த மரபணுக்களில் பெரும்பாலானவையும் காலப்போக்கில் ஒற்றையாகிவிடும்.

அளவைப் பெருக்க இரட்டிப்பு கட்டாயமும் இல்லை. ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸ் என்ற காட்டு நெல் இருமடியம்தான் (குரோமோசோம் தொகுப்பு இரண்டு மட்டுமே கொண்டது). கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் பெருகியே அதன் மரபணுத் தொகுதி ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. மக்காச்சோளத்தின் மூதாதை இரட்டித்தது உண்மை. ஆனால் இன்று அதில் இருக்கும் சுமார் 230 கோடி இணைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் தாவும் கூறுகள். ஆகவே அளவை மட்டும் பார்த்து ஒரு செடி எத்தனை முறை இரட்டித்தது என்று சொல்ல முடியாது. அதற்கு மரபணுக்களின் வரிசை அமைப்பை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.