எதையுமே முடியாதா?
'புரத வகை மருந்து எதையும் மாத்திரையாகத் தரவே முடியாது, வயிற்றில் செரித்துவிடும்' என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருப்பது இன்சுலினுக்குச் சரி. 51 அமினோ அமிலங்கள் கோத்த அதை நாம் தின்னும் பருப்பைப் போலவே பெப்சின், டிரிப்சின் என்ற செரிமான நொதிகள் வெட்டிப் போட்டுவிடும். ஆனால் 'எதையும்' என்பது மிகை. செமாகுளூட்டைடு என்ற சர்க்கரை நோய் மருந்தும் 31 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுதான், அதாவது புரதம் போன்ற சிறு சங்கிலிதான். அமெரிக்காவில் 2019-லேயே மாத்திரையாக அனுமதி பெற்றுவிட்டது. கூடவே சேர்த்திருக்கும் ஸ்நாக் (SNAC) என்ற உப்பு, மாத்திரையைச் சுற்றி மட்டும் அமிலத்தைத் தணித்து, மருந்தை இரைப்பைச் சுவர் வழியாகவே உள்ளே அனுப்புகிறது. அப்படியும் ரத்தத்தில் சேர்வது சுமார் ஒரு சதவீதம்தான். என் அக்கா இதைத்தான் போடுகிறார்: வெறும் வயிறு, அரை டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் காபி கிடையாது (அவருக்கு அதுதான் பெரிய குறை!). அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒருவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது, முழுதாகத்தான் விழுங்க வேண்டும், உப்பும் மருந்தும் ஒரே இடத்தில் கரைந்தால்தான் வேலை நடக்கும்.