நாலு சந்தா கட்டியும் மகளைக் காணோம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியம் எல்லாம் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் நியூ ஜெர்சியில் குப்பை கொட்டியும், நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் என்கிற கணக்கே போன வருஷம்தான் பிடிபட்டது. சனிக்கிழமை நான் டிவி முன்னால் உட்காருவது ஆட்டத்துக்காக இல்லை, இடைவேளைக்காக.

என் மகள் மிட்வெஸ்ட் பக்கம் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே, ஆட்ட இடைவேளையில் மைதானத்தில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கிற மார்ச்சிங் பேண்டில் சூசஃபோன் வாசிக்கிறாள். மலைப்பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேல் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அந்தப் பித்தளை வாத்தியம். அதைத் தோளில் தாங்கி, முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்து, மூச்சையும் விட்டு வாசிக்கிற பெண்ணை அப்பன்காரன் பார்க்க வேண்டாமா? கல்லூரி ஆட்டத்தில் இடைவேளை இருபது நிமிஷம். அதில் எங்கள் வீட்டுப் பெண் மைதானத்தில் இருப்பது ஏழெட்டு நிமிஷம். அந்த ஏழெட்டு நிமிஷத்துக்குத்தான் இவ்வளவு பாடும்.

மாதம் நாலு சந்தா கட்டுகிறேன். கேபிளைத் துண்டித்துவிட்டு, அதற்குப் பதிலாக இணையம் வழியே சேனல்களைக் கொடுக்கிற சேவை ஒன்று. அதில் வராத ஆட்டங்களுக்கு விளையாட்டுச் செயலி ஒன்று. அதிலும் வராதவற்றுக்கு இன்னொரு செயலி. மூன்றுக்கும் அகப்படாதவற்றுக்கு நாலாவது. கேபிள் காலத்தில் கட்டியதைவிட இப்போது அதிகமாகப் போகிறது. ‘கேபிளை வெட்டினால் காசு மிச்சம்’ என்று எனக்கு உபதேசம் செய்த ஆபீஸ் நண்பரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். ஆட்டம் தொடங்க இருபது நிமிஷம் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். செயலியைத் திறந்தால், ‘புதுப்பிக்க வேண்டும்’ என்றது. சரி, புதுப்பித்தேன். புதுப்பித்ததும் என்னை யாரென்றே தெரியாத மாதிரி வெளியே தள்ளிவிட்டது. திரும்ப உள்ளே போக டிவித் திரையில் ஒரு குறியீடு காட்டி, அதை ஃபோனில் அடிக்கச் சொன்னது. குறியீட்டில் இருப்பது பூஜ்யமா, ஆங்கில ‘ஓ’ எழுத்தா? மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். இரண்டாவது தடவை சரியாக அடித்தபோது குறியீட்டின் ஆயுள் முடிந்துவிட்டதாம். மூன்றாவது தடவை உள்ளே விட்டது. விட்டதும் கேட்டது, ‘உங்கள் டிவி சேவை நிறுவனம் எது?’ அடப்பாவி, உனக்கும் காசு கட்டுகிறேன், அவனுக்கும் காசு கட்டுகிறேன், இதில் அவன் வந்து எனக்கு ஜாமீன் கையெழுத்து வேறு போட வேண்டுமா?

போட்டான். அடுத்து வந்தது பாருங்கள்: ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது.’ வீட்டு இணையத்தின் ஐபி முகவரியை வைத்து நாம் எங்கே இருக்கிறோம் என்று இவர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம் தப்பினால் நாம் குடியிருக்கிற ஊரே மாறிவிடும். வீட்டுக் கடன் கட்டுகிறவன் நான், சொத்து வரி கட்டுகிறவன் நான். எங்கே இருக்கிறேன் என்று முடிவு செய்வது அந்தச் செயலி. பையன் வந்து, “அப்பா, ஃபோன்ல லொகேஷன் ஆன் பண்ணிட்டு திரும்ப லாகின் பண்ணுங்க” என்றான். பதினாலு வயசு. அவன் பேச்சைத்தான் அந்தப் பெட்டி கேட்கிறது.

ஒருவழியாக உள்ளே போனால், அங்கே வேறு இரண்டு அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. முந்தைய ஆட்டம் இன்னும் முடியவில்லை! அறுபது நிமிஷ ஆட்டம் என்பது பேருக்குத்தான். டிவியில் மூன்றரை மணி நேரம் இழுக்கும். அது முடிகிற வரை நம் ஆட்டத்தின் தொடக்கம் வேறு சேனலில் ஓடும். எந்தச் சேனல் என்பதைக் கீழே பொடி எழுத்தில் ஓடவிட்டார்கள். அதைப் படிப்பதற்குள் கார் விளம்பரம் வந்துவிட்டது.

அப்புறம் அந்த வட்டம். உங்களுக்கும் தெரியும், நடுத்திரையில் சுற்றுமே, அது. கோயில் பிரகாரத்தைச் சுற்றினாலாவது புண்ணியம் உண்டு.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். மறுமுனையில் இருந்தவர் ரொம்பத் தன்மையானவர், என் சிரமம் புரிகிறது என்று மூன்று முறை எழுதினார். டிவியை அணைத்துப் போடச் சொன்னார். ரவுட்டரின் வயரைப் பிடுங்கி முப்பது விநாடி கழித்துச் செருகச் சொன்னார். செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார். நிறுவினால்? ஆமாம், மறுபடியும் குறியீடு. பூஜ்யமா, ஓவா?

இதில் நானாகக் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவட்டும். ஆறு வருஷத்துக்கு முந்தைய டிவி என்றால் அதற்குள்ளேயே இருக்கும் செயலிகளை நம்பாதீர்கள். அதன் மூளை கிழடாகிவிட்டது. தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் குச்சி வாங்கிச் செருகினால் பாதி நோய் தீரும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று. முதலாவது சுவர்களைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு நெரிசல் முழுக்க அதில்தான். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மனைவி நேற்றைய வத்தக்குழம்பைச் சூடு பண்ணும்போதெல்லாம் படம் உறைந்து நிற்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முடிந்தால் ரவுட்டரிலிருந்து நேராக ஒரு ஈதர்நெட் வயரை இழுத்துவிடுங்கள். ஹாலின் குறுக்கே வயர் ஓடுவதைப் பார்த்து வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது உங்கள் பொறுப்பு.

இத்தனையும் செய்தாலும் ‘நேரலை’ நேரலை இல்லை என்பதுதான் பெரிய கொடுமை. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். நம் பெட்டி சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். அதனால் மைதானத்தில் நடப்பதற்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம் பின்னால்தான் நாம் எப்போதும். இங்கே பந்தை இன்னும் எறியவே இல்லை, அதற்குள் பேண்ட் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் கைதட்டிவிடுகிறார்கள். ஆட்டம் முடிகிற வரை ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இவ்வளவு சிடுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் ராத்திரி கோபத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒரு காலத்தில் கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ அமைப்புதான் கால்பந்து ஒளிபரப்பைக் கையில் வைத்திருந்தது. டிவியில் காட்டினால் மைதானத்துக்கு ஆள் வராது என்கிற பயத்தில், ஓர் அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்று வரம்பு கட்டியிருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட், இளவயதில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர். மைதானத்து மண் ஒட்டிய மனிதர் வேண்டாம் என்றார், பெரும்பான்மை கேட்கவில்லை. சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம், எனக்கு வழக்கு இல்லை. ஆனால் மூட்டை அவிழ்ந்தது அன்றைக்குத்தான். அவரவர் உரிமையை அவரவர் விற்கத் தொடங்கினார்கள்.

இப்போது விற்பனை எந்த அளவில் என்றால், பிக் டென் கான்ஃபரன்ஸ் (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) 2022இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்ற மூன்று டிவி நிறுவனங்களுக்கும் ஏழு வருஷத்துக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது; தொகை 700 கோடி டாலருக்கு மேல். மதியம் ஒருத்தருக்கு, பிற்பகல் ஒருத்தருக்கு, ராத்திரி ஒருத்தருக்கு. அது போகக் கான்ஃபரன்ஸுக்கென்றே தனிச் சேனல், அது போகச் செயலியில் மட்டும் வருகிற ஆட்டங்கள். ஒரே அணி, ஒரே பருவம், அதன் ஆட்டங்களைப் பார்க்க எத்தனை கதவைத் தட்டுவது?

பெயர்களையாவது ஒழுங்காக வைத்தார்களா? பிக் டென்னில் பதினெட்டு அணிகள். பிக் 12இல் பதினாறு. அட்லாண்டிக் கடற்கரை கான்ஃபரன்ஸில் 2024 முதல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இருக்கின்றன, இரண்டும் கலிஃபோர்னியாவில், பசிபிக் பக்கம். பசிபிக் பக்கத்துப் பழைய பாக்-12இல் அந்த வருஷம் மிஞ்சியது இரண்டே அணிகள். எண் தெரியாதவர்களும் திசை தெரியாதவர்களும் சேர்ந்து நடத்துகிற கல்லூரிகளுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுகிறேன்? சிரிப்புக்குச் சொல்லவில்லை. அணி கான்ஃபரன்ஸ் மாறினால் சேனல் மாறும், சேனல் மாறினால் என் சந்தா மாறும்.

அப்புறம் நேரம். தேதி முன்கூட்டியே தெரியும், மணி தெரியாது. பெரும்பாலான ஆட்டங்களுக்கு எந்தச் சேனல், எத்தனை மணி என்பதைப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் டிவிக்காரர்கள் முடிவு செய்வார்கள். சில வாரங்களில் ஆறு நாளைக்கு முன்னால். ஜோசியர்கூட முகூர்த்தத்தை இதைவிடச் சீக்கிரம் குறித்துக் கொடுப்பார். போன அக்டோபரில் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறேன் என்று சொல்லி, ஆட்ட நேரம் மாறி, சாப்பாட்டுப் பந்தியில் ஃபோனை இலைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். பாயசம் ஊற்றியவர் முறைத்ததை இன்னும் மறக்கவில்லை.

சந்தாவும் கட்டி, நேரமும் தெரிந்து, வயரும் இழுத்து எல்லாம் சரியானால், நிறுவனங்களுக்குள் சண்டை வரும். ஒரு பக்கம் சேனல்களை வைத்திருக்கிற டிஸ்னி, மறுபக்கம் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருகிற நிறுவனங்கள்: 2023இல் சார்ட்டர், 2024இல் டைரக்டிவி, 2025இல் யூடியூப் டிவி. மூன்று தடவையும் சேனல்கள் இருண்டது சரியாகக் கால்பந்துப் பருவத்தில்தான், ஏறத்தாழ இரண்டு வாரம். அந்த மூன்றிலும் நான் சிக்கவில்லை, வேறு ஒருவரின் வாடிக்கையாளன். ஆனால் பேரம் பேசுகிறவர்கள் பணயம் வைப்பது நம் சனிக்கிழமையைத்தான் என்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கட்டிய காசு அவர்கள் கையில், அணைந்த திரை நம் வீட்டில்.

இதெல்லாம் போகட்டும் என்று முப்பது டாலருக்கு ஓர் ஆன்டெனா வாங்கினேன். அப்பளம் மாதிரி தட்டையான ஒன்று. மாடி ஜன்னலில் ஒட்டி, கொஞ்சம் வடகிழக்காகத் திருப்பினால் நியூயார்க் சேனல்கள் கண்ணாடி மாதிரி தெரிகின்றன. சந்தா இல்லை, குறியீடு இல்லை, வட்டம் இல்லை, வாட்ஸ்அப் குழுவும் நம்மை முந்துவதில்லை. எண்பதுகளில் திருவாரூரில் அப்பா மொட்டை மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, நான் கீழேயிருந்து “இப்ப தெரியுதுப்பா... போச்சு... தெரியுது!” என்று கத்த, கடல் தாண்டி இலங்கையின் ரூபவாஹினி புள்ளி புள்ளியாக வரும். நாற்பது வருஷம் கழித்து நான் மாடியில், என் பையன் கீழே. அவன் கத்தவில்லை, மெசேஜ் அனுப்பினான்.

ஆன்டெனா வைத்த பிறகு வந்த சனிக்கிழமை ஆட்டம் நல்லவேளையாக ஆன்டெனாவில் வருகிற சேனலில். முதல் பாதி ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இடைவேளை விசில் ஊதியது. மைதானத்தின் ஓரத்தில் பேண்ட் வரிசையாக நிற்பது ஒரு கணம் தெரிந்தது, சூசஃபோன்களின் வாய்கள் வெயிலில் மின்னின, நான் எழுந்தே விட்டேன். அடுத்த கணம் ஸ்டூடியோ. கோட்டுப் போட்ட நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நாங்கள் இப்போதுதான் பார்த்து முடித்த ஆட்டத்தை எங்களுக்கே விளக்கினார்கள். விளம்பரம். மறுபடி நாலு பேர். மறுபடி விளம்பரம். திரும்ப மைதானத்தைக் காட்டியபோது பேண்ட் போய்விட்டிருந்தது, புல்தான் இருந்தது.

ஒஹாயோ ஸ்டேட் பேண்ட் 1936 முதல் மைதானத்தில் ‘ஒஹாயோ’ என்று ஆங்கிலக் கூட்டெழுத்தில் நடந்தே எழுதுகிறது; அதில் ‘ஐ’ எழுத்தின் மேல் புள்ளியாகப் போய் நிற்பது ஒரு சூசஃபோன்காரர். அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமா? டிவிக்காரர்களுக்கு இடைவேளை என்றால் நாலு கோட்டும் ஒரு மேசையும்தான்.

அரை மணி கழித்து அப்பா திருவாரூரிலிருந்து கூப்பிட்டார். அங்கே விடிகாலை. பேத்தி வாசித்ததை அவளுடைய தோழியின் அம்மா அரங்கத்தில் உட்கார்ந்து ஃபோனில் எடுத்து அனுப்ப, அவள் தாத்தாவுக்கு அனுப்பிவிட்டாள். படம் ஆடுதாம், முன்னால் ஒருத்தர் தொப்பி மறைக்குதாம், ஆனால் நம் பிள்ளை நன்றாகத் தெரிகிறதாம். “நாயனக்காரன் மாதிரி கன்னத்தை உப்ப வச்சுக்கிட்டு எப்படி வாசிக்கிறா பாரு” என்றார். பிறகு கேட்டார், “ஏண்டா, நீ அமெரிக்காவுலதானே இருக்கே, நீ பார்க்கலையா?”

நான் என்ன பதில் சொல்ல? வயரைச் சுருட்டி வைத்தேன். அன்று ராத்திரி நாலில் இரண்டு சந்தாவை ரத்து செய்தேன். அதற்கும் ஒரு குறியீடு கேட்டது. அடுத்த வார ஆட்டம் எந்தச் சேனலில் என்று இன்னும் அறிவிக்கவில்லை. ரத்து செய்த செயலியில்தான் வரும் என்கிறான் பையன்.