ஐ7 மாட்டிய அறிவாளியின் புலம்பல்

"என் பழைய மடிக்கணினிக்கு ஐ7 பிராசசர் பொருந்துமா?" என்று கேட்டேன். "பொருந்தும்" என்றார்கள். "பயன்படுமா?" என்று கேட்டேன். அதற்கும் "பொருந்தும்" என்றுதான் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்பது புரிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், பதினேழு திருகாணிகளில் இரண்டும், ஒரு விரல் நகமும் போய்விட்டன.

என்னுடையது 2011 காலத்து மடிக்கணினி. உள்ளே இன்டெல்லின் ஐ5-2410எம் பிராசசர். இரண்டு கோர் (கணக்குப் போடும் மூளைகள்), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). தனி கிராபிக்ஸ் சிப் கிடையாது. பிராசசருக்குள்ளேயே ஒட்டுக்குடித்தனம் இருக்கும் எச்டி கிராபிக்ஸ் 3000தான் திரையில் தெரியும் எல்லாவற்றையும் வரைய வேண்டும். ஒரு கார் பந்தய கேமை, நிழல், புகை, பிரதிபலிப்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்டினாலும் நொடிக்கு 22 ஃபிரேம்தான், அதாவது 22 படம்தான் வரும். வளைவு கண்ணில் படுவதற்குள் கார் சுவரில் மோதியிருக்கும். இதைச் சொல்லி அழுதபோது பழுது பார்ப்பவர், உடன் வேலை செய்பவர், அத்தை மகன் என்று எல்லோரும் கூடிப் பேசி வைத்தாற்போல ஒரே மருந்தைச் சொன்னார்கள்: "ஐ7 போடு, பறக்கும்." அந்த மடிக்கணினியில் படம் வரைவது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த வெட்கம் வேறு.

பழைய ஐ7-2670கியூஎம் ஒன்றை வாங்கினேன். அதே தலைமுறை, அதே சாக்கெட் (பிராசசரைச் செருகும் இடம்). நான்கு கோர், எட்டுத் திரெட். மாட்டி, பவர் பொத்தானை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கணினியைத் தட்டி எழுப்பும் உள்மென்பொருளான பயாஸ் அதை ஏற்றுக்கொண்டது. (சில மடிக்கணினிகளில் பயாஸ் புதிய பிராசசரை அடையாளம் தெரியாதவன் போலப் பார்த்து, கருந்திரையோடு நின்றுவிடும்.) கேமைத் திறந்தேன். 22 ஃபிரேம். பத்து நிமிடம் கழித்து 15!

காரணம் தெரிந்தபோதுதான் உண்மையான எரிச்சல் வந்தது. இந்த ஐ7-இல் இருப்பதும் அதே எச்டி கிராபிக்ஸ் 3000தான். படம் வரையும் அதே 12 செயல் அலகுகள். அதுமட்டுமா? என் பழைய ஐ5-இல் அந்த கிராபிக்ஸின் உச்ச வேகம் 1.2 கிகாஹெர்ட்ஸ்; புதிய ஐ7-இல் 1.1. பணம் கொடுத்து, நகத்தைப் பெயர்த்துக்கொண்டு, கேமுக்கு எது தேவையோ அதைக் குறைத்து மாட்டியிருக்கிறேன்.

பிராசசர் கணக்குப் போடும்: எந்தக் கார் எங்கே இருக்கிறது, எது எதில் மோதியது, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று. அதைப் படமாக்குவது கிராபிக்ஸின் வேலை. சமையல்காரர் ஒருவரே இருக்கும்போது பரிமாற இன்னும் இரண்டு பேரை நிறுத்தினால் பந்தி வேகமாக நகருமா? இதைக் கண்டுபிடிக்க ஒரு திருகாணியைக்கூடக் கழற்றத் தேவையில்லை. என் திரை 1366 × 768, அதாவது ஏறக்குறைய 10.5 லட்சம் புள்ளிகள். கேமுக்குள் போய் 800 × 600 ஆக்கினால் 4.8 லட்சம். உடனே ஃபிரேம் எகிறினால் திணறுவது கிராபிக்ஸ். அசையாமல் நின்றால் திணறுவது பிராசசர். இந்தச் சோதனையை ஐ7-ஐ மாட்டி முடித்த பிறகுதான் செய்தேன். 22 இருந்த இடத்தில் 36 வந்தது. இரண்டு நிமிட வேலை!

அந்த 15 எங்கிருந்து வந்தது என்றால், வெப்பம். பழைய பிராசசருக்கு வகுத்த வெப்ப அளவு 35 வாட், புதியதற்கு 45 வாட். சூட்டை வெளியேற்றவென்று 35 வாட்டுக்கு அளவெடுத்துச் செய்த ஹீட்சிங்க், அதன் இடுக்கில் பல வருடத் தூசி. சூடு எல்லை தாண்டியதும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கூடவே கிராபிக்ஸையும் இழுத்துக்கொண்டு போகிறது. மின்விசிறி போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து "மிக்ஸியா ஓடுகிறது?" என்று குரல் வந்தது.

இந்த "ஐ7" என்ற இரண்டு எழுத்தின் மயக்கத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். ஐ7-2620எம் என்று ஒன்று இருக்கிறது, இரண்டே கோர்தான். 2016-இல் வந்த ஐ7-7500யு-வும் இரண்டு கோர்தான். மறு வருடமே வந்த ஐ5-8250யு-வுக்கு நான்கு கோர். பெயரைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறட்டும் என்றே வைத்த பெயர்களோ என்னவோ.

பிராசசரை மாற்றுவதே வீண் என்று சொல்லவில்லை. தனி கிராபிக்ஸ் சிப் உள்ள பழைய மடிக்கணினியில், இரண்டு கோர் பிராசசர் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்க கிராபிக்ஸ் பாதி வேலையோடு சும்மா நின்றால், நான்கு கோர் நிச்சயம் கைகொடுக்கும். நூற்றுக்கணக்கான படைவீரர்களை நகர்த்தும் வியூக கேம்களில் நன்றாகவே தெரியும். அதற்கும் பிராசசர் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டுமே! இன்டெல்லின் நான்காம் தலைமுறையோடு மடிக்கணினியில் சாக்கெட் காலம் முடிந்துபோனது. அதற்கு முன்பும் மெல்லிய மடிக்கணினிகளில் மதர்போர்டோடு பற்றவைத்தே விட்டார்கள். இது தெரியாமல் நேற்று வாங்கிய மடிக்கணினிக்கும் "ஐ7 போடு" என்று சொல்கிறவர்கள் இன்னும் உலவுகிறார்கள்.

கடைசியில் பழைய ஐ5-ஐயே திரும்ப மாட்டினேன். தூசியைத் தட்டி, சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த வேண்டிய, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். காலியாகக் கிடந்த இரண்டாவது ரேம் இடத்தில் இன்னொரு 4 ஜிபி போட்டேன். தனக்கென்று நினைவகம் இல்லாத கிராபிக்ஸ் ரேமிடம்தான் கையேந்துகிறது. ஒற்றை டிடிஆர்3-1333 ரேம் நொடிக்கு 10.6 ஜிபி தரும், இரண்டாகப் போட்டால் வழி இரு மடங்கு. ஃபிரேம் 28-ஐத் தொட்டது. பறக்கவில்லை, ஆனால் வளைவு தெரிகிறது.

ஐ7 மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நடந்ததையெல்லாம் அத்தை மகனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுப் பார், பறக்கும்" என்றான்.