கேட்காத காதிடம் வாய்வார்த்தை

அப்பா காது மிஷின் வாங்கப் போன அன்று நான் கூடப் போகவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

விற்றவர் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்லியிருக்கிறார். எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம், தந்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள், வாரண்டியில் எது வரும், எது வராது என்று எல்லாமே. அப்பா தலையாட்டியிருக்கிறார். பாதி கேட்காதபோது தலையாட்டிவிடுவது அவருக்குப் பல வருடப் பழக்கம். காது மங்கியவர்களோடு வாழ்கிறவர்களுக்கு இது புரியும். கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து நான் போய்க் கேட்டதற்கு, "அன்னைக்கே ஐயாகிட்ட சொன்னோமே" என்றார்கள்.

காது கேட்கவில்லை என்றுதானே அவர் அங்கே போனார்! அவரிடம் நிபந்தனைகளை வாயால் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்று கணக்கு முடிப்பது என்ன நியாயம்? இந்த விற்பனைக்கு என்ன சட்டம் போட்டாலும் முதல் விதி இதுவாக இருக்க வேண்டும்: எழுத்தில் கொடுக்காத நிபந்தனை எதுவும் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. அந்தத் தாள் பெரிய எழுத்தில், அவர் படிக்கிற மொழியில், பணம் கட்டுவதற்கு முன்பே அவர் கைக்கு வர வேண்டும்.

அடுத்தது திருப்பித் தரும் உரிமை. கண்ணாடியை மாட்டினால் அந்த நிமிஷமே எழுத்து தெளிந்துவிடும். காது அப்படி இல்லை. பாத்திரச் சத்தம், காகிதம் கசங்குவது, ஏன், சொந்தக் குரல்கூட, வருடக்கணக்கில் மங்கிக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாக உள்ளே வரும்போது மூளை திணறிப்போகும். பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அமைதியான அறையில் ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து பேசினால் சுமாரான மிஷினில்கூட நன்றாகக் கேட்கும். நாலு பேர் சேர்ந்து பேசுகிற இடத்தில்தான் அதன் லட்சணம் தெரியும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 30 நாளோ அதற்கு மேலோ வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தர சட்டமே இடம் கொடுப்பது இதனால்தான். அதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மிஷின் பழுதுக்குப் போயிருக்கும் நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அப்பாவின் மிஷின் விசிலடிக்கிறது என்று இரண்டு முறை கொடுத்தோம். கெடு முடிந்த நாளில் அது அவர்களிடமேதான் இருந்தது.

வேறொரு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம் கொண்டுபோனால், மிஷினைச் சரிசெய்யும் மென்பொருள் பூட்டியிருக்கிறது, விற்றவர்கள்தான் திறக்க முடியும் என்றார். விற்கும்போதே சொல்ல வேண்டிய விஷயம் இல்லையா இது? மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அப்பாவுக்கு அதைச் செய்யவே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி, கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் 17 சதவீதம் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். விதிகளைக் கூட்டிக் கூட்டி வாங்குவதையே சிரமமாக்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1977-ல் வந்த விதி, விற்பனைக்கு முந்தைய 6 மாதத்துக்குள் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றது. பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு அதை விலக்கிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. கையெழுத்து என்ன பாதுகாப்பைத் தரும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். 2022 அக்டோபரிலிருந்து அங்கே 18 வயது நிரம்பிய, லேசானது முதல் மிதமானது வரை குறைபாடு உள்ளவர்கள் பரிசோதனையோ மருத்துவர் சீட்டோ இல்லாமலே வாங்கலாம். சீழ் வடிதல், திடீரென்று கேட்காமல் போவது, தலைசுற்றல் போன்றவை இருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்பதும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். எடுத்தே ஆக வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை, அது எனக்குக் குறைதான். ஆனால் வாங்குமுன் கண்ணால் படிக்க முடிகிறது. அப்பாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

போன மாதம் வேறு இடத்தில் புதிதாக வாங்கினோம். இந்த முறை நானும் போனேன். எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள் என்றேன், முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு அவரே நிமிர்ந்து, "ரிப்பேருக்குக் குடுத்தா அந்த நாளும் இதுல சேருமா?" என்று கேட்டார். அதற்கான பதிலையும் அதே தாளில் எழுதி வாங்கினோம்.