ஸ்டூடியோ மேல் பழி போடாதீங்க
பழைய ஹாருஹி அனிமே தொடரை எடுத்த கியோட்டோ அனிமேஷன் கையைவிட்டு சாட்டலைட் ஸ்டூடியோவுக்குப் போனதால்தான் அதன் கிளைத் தொடரான 'நாகாதோ யூகி-சான் நோ ஷோஷிட்சு' (2015) சொதப்பியது என்று இந்தத் தொடர் பற்றிய கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. ஓவியம் சுமார்தான், ஆனால் பழைய குரல்கள் அப்படியே இருக்கின்றன. சுகிதா குரல் கொடுக்கும் நாயகன் கியோன் வாய் திறந்தாலே பழைய ஹாருஹி தொடர் ஞாபகம் வந்துவிடும். கோளாறு கதையில். பழைய தொடரில் இருந்த வேற்றுக்கிரகம், காலப் பயணம் எல்லாவற்றையும் உருவிவிட்டு, யூகி என்ற வெட்கப்படும் ஒரு பெண்ணை மட்டும் வைத்து 16 எபிசோடு ஓட்டினால் எப்படி? கிறிஸ்துமஸ் வான்கோழி, காதலர் தின சாக்லேட், வெந்நீர் ஊற்றுச் சுற்றுலா என்று வழக்கமான ரொமான்டிக் காமெடி பட்டியலை டிக் அடித்துக்கொண்டே போகிறது. நான் ஏழாவதோடு நிறுத்திவிட்டேன், தம்பி தொல்லை தாங்காமல்தான் மறுபடி உட்கார்ந்தேன். நல்லவேளை உட்கார்ந்தேன். 10-வது எபிசோடில் கார் மோதவிருந்து நூலிழையில் தப்பும் யூகி, எழும்போது வேறு ஆளாக இருக்கிறாள். வீடியோ கேமே கதியாகக் கிடந்தவள் சத்தமில்லாமல் புத்தகம் புரட்டுகிறாள், பேச்சில் ஏற்ற இறக்கமே இல்லை. யூகிக்காகப் பேசும் சிஹாரா மினோரி குரலை லேசாகத் தட்டையாக்கியே அந்த வித்தியாசத்தைக் காட்டிவிடுகிறார். பக்கத்தில் அவளுக்குத் தாய் மாதிரி சோறு போட்டு வளர்த்த தோழி அசாகுரா, யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் தவிப்பது தனிக் கதை. அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு நண்பர் "முதல் மூன்று எபிசோடு பார்த்தாலே போதும், தூக்கிப் போடலாம்" என்று எழுதியிருக்கிறார். அந்த மூன்றைத்தான் தாண்டிப் போகச் சொல்வேன், 10 முதல் 13 வரை இந்தக் கதை ஓடும் நாலு எபிசோடை அல்ல.