ஜீரோ வாட்

(திருச்சி தென்னூரில் ஒரு பழைய வீடு. கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற வரதராஜன் கீழே நிற்கிறார். எலெக்ட்ரீஷியன் சேகர் ஸ்டூல் மேல்.)

வரதராஜன்: பாத்து சேகரு, அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை.

சேகர்: இதை நான் ஏறுறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா சார்?

வரதராஜன்: சொன்னா ஏற மாட்டியே! இந்தத் தடவை ரீடிங் 512 யூனிட். 500-ஐத் தாண்டிட்டா, ரெண்டாவது நூறு யூனிட்டுக்குக் குடுக்கிற கம்மி ரேட்டையும் சேத்துப் பிடுங்கிடுறாங்க. வெறும் 12 யூனிட்டுக்கு இவ்வளவு தண்டனை! அதான் வீடு பூரா எல்இடி.

சேகர்: நல்ல முடிவு சார். இந்தக் குண்டு பல்பு 60 வாட்டு. முக்கால்வாசிக்கு மேல சூடாத்தான் போகுது. இதே வெளிச்சத்துக்கு 9 வாட்டு எல்இடி போதும்.

வரதராஜன்: கழட்டினதைத் தூக்கிப் போட்டுடாதே.

சேகர்: அது எதுக்கு சார்?

வரதராஜன்: எல்இடி போயிட்டா மாட்டிக்க.

சேகர்: (பெருமூச்சு) டியூப் லைட்டையும் கழட்டிடறேன். அது 40 வாட்டு, இந்தச் சோக்கு தனியா ஒரு பத்து வாட்டுக்கு மேல தின்னும்.

வரதராஜன்: ராத்திரி பூரா ‘ங்ங்ங்’னு பாடிட்டு, அதுக்குக் கூலி வேறயா?

சேகர்: முடிஞ்சுது சார். படுக்கை ரூம் லைட்டைப் போட்டு அணைச்சுப் பாருங்க.

வரதராஜன்: (உள்ளிருந்து) ஏய், அணைச்சப்புறமும் மங்கலா எரியுதே! பேய் பிடிச்ச பல்பா?

சேகர்: பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அந்த சுவிட்சுல சின்னதா ஒரு இண்டிகேட்டர் இருக்கு பாருங்க, அது வழியா துளி கரண்டு கசியுது. எல்இடிக்கு அதுவே போதும். சுவிட்சை மாத்திடவா?

வரதராஜன்: இதுக்கு எவ்வளவு ஆகும் கரண்டு?

சேகர்: பைசா பெறாது.

வரதராஜன்: அப்ப மாத்தாதே. இனிமே இந்த வெளிச்சமே போதும், லைட்டை எதுக்குப் போடணும்?

சேகர்: ...சாமி ரூம்ல ஒரு சிவப்பு பல்பு எரியுதே சார்?

வரதராஜன்: அதுல மட்டும் கை வைக்காதே. ஜீரோ வாட்! கரண்டே இழுக்காது. அதான் ராப்பகலா அணைக்கிறதே இல்ல.

சேகர்: பேருதான் சார் ஜீரோ. அது 15 வாட்டு இழுக்கும்.

வரதராஜன்: யார்கிட்ட கதை விடுறே? சர்வீஸ் பூரா கணக்குப் பாத்தவன் நான். பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

சேகர்: பழைய சக்கர மீட்டரு இவ்வளவு சின்ன லோடுக்கு அசையாதாம், அதான் அந்தப் பேருன்னு சொல்லுவாங்க. இப்ப உங்க வாசல்ல இருக்கிறது டிஜிட்டல் மீட்டரு. கொசு உக்காந்தாலும் எழுதிக்கும். நீங்க 15-ஐப் பெருக்குங்க. 24 மணி நேரம், 60 நாள்.

வரதராஜன்: 21,600... ஆயிரத்தால வகுத்தா 21.6 யூனிட்... 512-ல அதைக் கழிச்சா... (குரல் இறங்குகிறது) 490.4.

சேகர்: ஆமா சார். இந்த ஒண்ணை மட்டும் அணைச்சிருந்தாலே 500-க்குள்ள நின்னிருக்கும்.

வரதராஜன்: அடப்பாவி! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

சேகர்: சொன்னா என்னை ஸ்டூல்ல ஏத்த மாட்டீங்களே!

வரதராஜன்: (சற்று யோசித்து) சரி, கழட்டு அந்தத் துரோகியை. அந்த எடத்துல என்ன மாட்டப் போறே?

சேகர்: இதோ, எல்இடி நைட் லேம்ப். அதே சிவப்பு. அரை வாட்டுதான். ராப்பகலா எரிஞ்சாலும் ரெண்டு மாசத்துக்கு ஒரு யூனிட்டு ஆகாது.

வரதராஜன்: (பெட்டியை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து படிக்கிறார்) 0.5 வாட்... சேகரு, இது சரிப்படாது.

சேகர்: ஏன் சார்?

வரதராஜன்: கரண்டை மிச்சம் பண்றேன்னு உன்னைக் கூப்பிட்டுட்டு, ஜீரோ இருந்த எடத்துல அரை வாட்டை ஏத்தினா, அடுப்படில இருக்கிறவ ஆடிட் அப்ஜெக்‌ஷன் போட்டுடுவாடா!